அசையும் எழுத்து: வன்னியிலிருந்து தொடங்குபவர்களுக்கான கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து எழுத்தையும் அசையும் படத்தையும் சேர்த்து வேலை செய்ய விரும்பும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமானவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். என் சாய்வை முதலே சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்து திரையில் எப்படி அசைய வேண்டும் என்பதை அதை எழுதும் கையிடமும் அதைச் சொல்லும் வாயிடமும்தான் கேட்க வேண்டும் என்று நம்புகிறேன். கீழே உள்ள பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

இது பாடல் வரிக் காணொளி செய்வதுதானே? இதில் சோதனை முயற்சி என்று என்ன இருக்கிறது?

பாடல் வரிக் காணொளி இதன் ஒரு கிளை. அங்கே பாட்டு முன்னே போகும், எழுத்து பின்னாலே வரும். நான் சொல்லும் வேலையில் எழுத்தே படம். ஒரு எழுத்தின் வளைவு, தடிப்பு, அது திரைக்குள் வரும் வேகம், நிற்கும் நேரம், மறையும் விதம் எல்லாமே பொருள் தரும். "மழை" என்ற சொல்லை நீல நிறத்தில் மேலிருந்து விழ வைப்பது யாருக்கும் தோன்றும். அதே சொல்லை, மாரிக்கு முந்திய நாட்களில் வானம் இருண்டு இருண்டு கலைவதுபோல, வருவதும் வராமல் போவதுமாக வைத்து, பார்ப்பவரைக் காத்திருக்கச் செய்ய முடியுமா? சோதனை அங்கே தொடங்குகிறது. என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாமல் ஒரு கேள்வியோடு இறங்குவதைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறேன்.

இதை யார் தொடங்கினார்கள்?

ஒருவரைக் காட்ட முடியாது. சில படிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1926 இல் மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர், வட்டத் தட்டுகளில் வாசகங்களைச் சுருளாக எழுதி, அவற்றைச் சுழலவிட்டுப் படம் பிடித்தார். வாசிக்க வேண்டுமென்றால் கண்ணும் சேர்ந்து சுழல வேண்டும். 1959 இல் சோல் பாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஹிட்ச்கொக்கின் ஒரு படத்துக்குச் செய்த தலைப்புக் காட்சியில், சாய்ந்த கோடுகளின் வலைமேல் பெயர்கள் வழுக்கி வந்து பொருந்துகின்றன. கொஞ்ச நேரத்தில் அந்த வலையே நியூயோர்க் கட்டடம் ஒன்றின் கண்ணாடிச் சுவராகிவிடுகிறது. அதற்குமுன் பெரும்பாலான படங்களில் பெயர்கள் சும்மா வந்து போகும். 1994 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியூரியல் கூப்பர், கணினிக்குள் ஒரு வெளியை உண்டாக்கி, எழுத்துக்களுக்கிடையே நாம் பறந்து போவதுபோல் வாசிக்கும் முறையைக் காட்டினார். அதே ஆண்டில் அவர் இறந்துவிட்டார். இன்று ஒரு தகவல் வரைபடத்துக்குள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் போகும்போதெல்லாம் எனக்கு அவருடைய நினைவு வரும். 2016 இல் அடோபி, அப்பிள், கூகிள், மைக்ரோசொஃப்ட் நான்கும் சேர்ந்து மாறும் எழுத்துருவை அறிவித்தன. ஒரே கோப்புக்குள் மெல்லியதிலிருந்து தடித்தது வரை எல்லா நிலையும் இருக்கும். இடைநிலைகளில் எழுத்தை ஓடவிடவும் முடியும்.

இவர்களில் பெரும்பாலானோர் இலத்தீன் எழுத்தை வைத்து வேலை செய்தவர்கள். தமிழில் எழுத்து எப்படி அசைய வேண்டும் என்பதற்குக் கட்டி முடித்த மரபு ஒன்று இல்லை. அதனால்தான் கிளிநொச்சியில் ஒரு போனோடு இருக்கும் பிள்ளைக்கும் இதில் புதிதாகச் செய்ய இடம் இருக்கிறது.

தமிழில் எழுத்து எழுத்தாக அசைய வைத்தால் கொம்பும் (ெ) அரவும் (ா) தனித்தனியாகப் பறக்கின்றன. ஏன்?

மென்பொருள் எழுத்து என்று எண்ணுவதும் நாங்கள் எழுத்து என்று எண்ணுவதும் வேறு. "கிளிநொச்சி" எங்களுக்கு ஐந்து எழுத்து: கி, ளி, நொ, ச், சி. கணினி எழுத்துக்களைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோட்டில் அது பத்துக் குறியீடு. "முல்லைத்தீவு" எங்களுக்கு ஆறு, அங்கே பன்னிரண்டு. அதோடு, "நொ" கோப்புக்குள் இருப்பது "ந" முதலில், ஒகரக் குறி பிறகு என்ற வரிசையில். திரையில் கொம்பு முன்னாலும் அரவு பின்னாலும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது மென்பொருளுக்குள் எழுத்தைத் திரைக்கு ஒழுங்குபடுத்தும் பகுதி, எழுத்துப் பொறி. டெம்பிளேட் ஒன்று குறியீடு குறியீடாகப் பிரித்து அசைத்தால் அந்தப் பொறிக்கு வேலை இல்லாமல் போகிறது, சொல் சிதறுகிறது.

செய்ய வேண்டியது:

அடோபியின் அசைவு மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப் பொறியைத் தெரிவு செய்யுங்கள். நிலையாக நிற்கும் சொல்லுக்கு அது போதும்.

எழுத்தைத் தனித்தனியாக அசைக்க வேண்டுமானால் நான் நம்புவது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை. இலவசம், தமிழ் சரியாக விழும். சொல்லைத் தட்டி, பொருளைப் பாதையாக, அதாவது வெறும் வெளிக்கோடாக மாற்றி, பிறகு கொம்பு, "ந", அரவு மூன்றையும் பிடித்து ஒரு குழுவாகக் கட்டுங்கள். "நொ" இனி ஒரே ஆள். எஸ்விஜி கோப்பாகச் சேமித்து எந்த அசைவு மென்பொருளுக்கும் கொண்டுபோகலாம். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரிலும் இந்த வழிதான் பாதுகாப்பு.

உலாவியில் நிரல் எழுதுபவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. அது தமிழை எழுத்தெழுத்தாகச் சரியாகப் பிரிக்கும். க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துக்களை மட்டும் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

போனில் கெப்கட், கைன்மாஸ்டர், அலைட் மோஷன் என்று எதை எடுத்தாலும் முதலில் "கொக்கட்டிச்சோலை" என்ற ஊர்ப்பெயரைத் தட்டிப் பாருங்கள். கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், புள்ளி எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தச் சொல் உடையாமல் அசைந்தால் மற்றவையும் பெரும்பாலும் அசையும்.

அச்சகத்தில் எல்லாம் பாமினிதான். அதை வைத்தே செய்யலாமா?

நிலையான ஒரு தலைப்பைப் பாமினியில் தட்டி, பாதையாக மாற்றி எடுத்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை. நீளமான வாசகத்துக்கு வேண்டாம். பாமினி ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது. பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள்.

எந்த எழுத்துரு?

மாறும் எழுத்துருவில் நோட்டோ சான்ஸ் தமிழும் அனேக் தமிழும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், இரண்டிலும் தடிப்போடு அகலத்தையும் மாற்றலாம். நோட்டோவின் தடிப்பு 100 முதல் 900 வரை ஓடும். மெல்லிய "வன்னி" மெதுவாகத் தடிப்பதைப் பாருங்கள்: வகரத்தின் சுழி அடைபடத் தொடங்குகிறது, புள்ளி பெருக்கிறது, னகரங்கள் நெருங்குகின்றன. நீங்கள் எதையும் பறக்கவிடாமலே ஒரு நாடகம் நடக்கிறது. கேட்டமரன், பலூ தம்பி இரண்டும் நல்லவை.

ஆனால் எழுத்துருப் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். உழவு இயந்திரப் பெட்டிகளின் பின்பக்கம், பழைய கடைப் பலகைகள், சனசமூக நிலையங்களின் சுவர், கோயில் மடத்து உபயகாரர் பெயர்கள், தேநீர்க் கடையின் விலைப்பட்டியல் என்று தூரிகையால் எழுதிய எழுத்து இன்னும் இருக்கிறது. இடப்பெயர்வுகளில் வன்னியின் பழைய பலகைகளும் அழைப்பிதழ்களும் கொப்பிகளும் ஏராளமாக அழிந்துபோயின. மிஞ்சியதன் மேல் இப்போது பிளெக்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. கண்டால் நேராக நின்று, வெயில் படாத நேரத்தில், நல்ல தரத்தில் படம் எடுத்து வையுங்கள். 1978 இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னிருந்த வடிவங்கள், துதிக்கை போலக் கொம்பு வளைந்த லை, னை போன்றவை, பழைய பலகைகளில் தட்டுப்படும். புதிய வடிவம் பழைய வடிவத்துக்குள் சுருண்டு திரும்பும் ஓர் அசைவைச் செய்து பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த பயிற்சிகளில் அதுவும் ஒன்று.

எழுத்து எந்த வழியாக உள்ளே வர வேண்டும்? இடமா, வலமா, மேலிருந்தா?

ஏடு தொடக்கிய நாளை யோசியுங்கள். விஜயதசமியில் தட்டில் பரப்பிய அரிசியில் பெரியவர் ஒருவர் உங்கள் விரலைப் பிடித்து "அ" எழுதினார். சுழியில் தொடங்கி, வளைந்து, சுற்றி வந்து, கடைசியில் நேர்கோடாக இறங்கி முடிந்தது. எங்களில் பலருக்கு எழுத்து முதலில் ஓர் அசைவாகத்தான் அறிமுகமானது. வடிவமாகப் பிறகுதான் பார்த்தோம்.

அந்த வழியே எழுத்து திரைக்கு வரட்டும். மென்பொருளில் எழுத்தின் நடுவே ஒரு கோடு வரைந்து, அதை முகமூடியாக (எழுத்தை மறைத்துத் திறக்கும் திரையாக) வைத்துத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை திறந்துகொண்டு போனால், கை எழுதுவதுபோல் எழுத்து பிறக்கும். இதில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, சுழியில் கை மெதுவாகும், நேர்கோட்டில் விரையும். எல்லா இடத்திலும் ஒரே வேகம் வைத்தால் பொய்யாகத் தெரியும். மற்றது புள்ளி, எங்கள் ஊர்ப் பேச்சில் குற்று. அது எழுத்து முடிந்த பிறகு கை தூக்கி வைப்பது. ஓலையில் எழுதிய காலத்தில் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள், வாசிப்பவர்தான் இடம்பார்த்துப் போட்டுக்கொள்வார். திரையில் புள்ளியைக் கொஞ்சம் தாமதித்து வைத்தால், ஒரு கணம் "மண" என்று தெரிந்த சொல் "மண்" ஆகும். அந்த ஒரு கணத்தில் எவ்வளவோ செய்யலாம்.

வேகத்தை எப்படித் தீர்மானிப்பது? எனக்கு எல்லாமே ஒன்றில் அவசரமாக, இல்லாவிட்டால் இழுவையாக வருகிறது.

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

தமிழ் இலக்கணம் ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறது. பாடசாலையில் படித்ததுதான்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துவிடுகிறோம். அசையும் எழுத்துக்கு இதைவிட நல்ல கால அட்டவணை எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் தொலைக்காட்சி முறையில் ஒரு செக்கனுக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படம். ஒரு மாத்திரைக்கு 6 பிரேம் வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய கால் செக்கன், உண்மையான ஓர் இமைப்புக்குக் கிட்டத்தான். அப்படியானால் நெடிலுக்கு 12, மெய்க்கு 3.

இனி ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே போவோம். ஓமந்தை: ஓ 12, ம 6, ந் 3, தை 6, மொத்தம் 27. (சொல்லின் இடையிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் ஒரு மாத்திரையாகக் குறுகும். ஐகாரக்குறுக்கம் நினைவிருக்கும்.) மாங்குளம்: மா 12, ங் 3, கு 6, ள 6, ம் 3, மொத்தம் 30. கிளிநொச்சி 27. பரந்தன் 24. ஆனையிறவு 36. எண்களைப் பார்த்தாலே தெரியும், பரந்தன் பட்டென்று வரும், ஆனையிறவு விரிந்து வரும். அந்த ஊர்களைக் கடந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும்: பரந்தன் ஒரு சந்தி, ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர்ப்பரப்பும் உப்பளமும் வானமும்தான். பெயரின் ஓசையும் இடமும் இப்படிப் பொருந்துவது தற்செயல்தான். ஆனாலும் வடிவமைப்பாளர் கண்டால் விடக்கூடாத தற்செயல்.

மெய்யெழுத்தைக் கவனியுங்கள். "கிளிநொச்சி" என்று மெதுவாகச் சொல்லுங்கள். ச் வரும் இடத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டி, மூச்சு ஒரு கணம் தடைபட்டு, சி வரும்போது வெளியே வருகிறது. திரையிலும் அந்த 3 பிரேமுக்கு எல்லாமே நிற்கட்டும். பிறகு சி வெடித்து வரட்டும். "வட்டுவாகல்", "முத்தையன்கட்டு", "வற்றாப்பளை" என்று இரட்டித்த மெய் எங்கள் ஊர்ப்பெயர்களில் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இந்தச் சிறு நிறுத்தம் கேட்கும். ஆங்கில டெம்பிளேட்டுகளில் எல்லா எழுத்துக்கும் ஒரே இடைவெளி. தமிழ்ச் சொல்லை அதற்குள் போட்டால் உயிரில்லாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மாத்திரைக்கணக்கு சொல் வந்து சேரும் வரைக்கும்தான். வந்த பிறகு, ஒருவர் அதை நிதானமாக இரண்டு தரம் வாசிக்கும் நேரம் அது நிற்க வேண்டும். 6 பிரேம் என்பதும் சட்டம் கிடையாது. ஒப்பாரிக்கு 10 வைக்கலாம், மாட்டுவண்டிச் சவாரிக்கு 3 வைக்கலாம். விகிதத்தை மட்டும் விடாதீர்கள்.

கூத்துப் பாட்டுக்கு எழுத்து அசைத்தால்?

நல்ல பாதை. முல்லைத்தீவின் கோவலன் கூத்தை இரவிரவாகப் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களோடு முதலில் பேசுங்கள். கூத்தில் ஆடுபவர் ஓர் அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவார்கள். ஒரே வரி இரண்டு தரம், இரண்டு குரலில். முதல் தரம் எழுத்து தனியாக, கூர்மையாக வரட்டும். திரும்பும்போது அதே வரி பலராக, சற்று அகன்று, விளிம்பு கலைந்து வரட்டும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் தாளக்கட்டை எழுத்தாக்குவதானால் தாளத்தைச் சொல்லும் ஓசைச் சொற்களுக்கு மாத்திரைக் கணக்கு வேண்டாம், மத்தளத்தின் அடியையே நேரமாக எடுங்கள். பாடுபவரிடம் அனுமதி கேளுங்கள், பெயரைத் திரையில் போடுங்கள்.

கணினி இல்லை. போன் மட்டும்தான். முடியுமா?

முடியும், அதுவும் நன்றாகவே. கறுப்புத் துணியை நிலத்தில் விரித்து, அரிசியையோ நெல்லையோ பரப்பி எழுத்தாக்குங்கள். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளுக்கிடையே பலகை வைத்து, போனைக் கீழே பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள். கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு. ஒரு செக்கனுக்கு 12 படம் போதும், ஐந்து செக்கனுக்கு 60. படங்களை வரிசையாக ஓடவிடும் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

வெளிச்சத்தையும் குவியத்தையும் போனில் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் மினுங்கும். வெளியே எடுத்தால் முகில் ஏமாற்றும். அறைக்குள் ஒரே மின்குமிழின் கீழ் எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கோழி வராத இடமாகப் பாருங்கள்.

இன்னொரு பயிற்சிக்கு அரிசியும் தேவையில்லை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் ரயிலில் போகும்போது ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஒவ்வொரு நிலையப் பெயர்ப்பலகையையும் யன்னலிலிருந்து படம் பிடியுங்கள். எழுத்து நிற்கிறது, நீங்கள் அசைகிறீர்கள். எந்தக் கணத்தில் வாசிக்க முடியாத கோடுகள் சொல்லாக மாறுகின்றன என்று பிரேம் பிரேமாகப் பாருங்கள்.

வாசிக்க முடியாமல் இருந்தால்தான் சோதனையா?

இல்லை. வாசிக்க முடியாமை ஒரு கருவி. எவ்வளவு நேரம் வாசிக்க முடியாமல் வைத்திருக்கிறீர்கள், எப்போது திறக்கிறீர்கள் என்பதுதான் கலை. கடைசிவரை திறக்காமலே விடலாம், அதற்கு வலுவான காரணம் இருந்தால். ஒரு விதி மட்டும்: மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்று அச்சுக்கோப்பவர்கள் காத்த வழக்கைத் திரையிலும் காக்கப் பாருங்கள். "க்" மட்டும் தனியாக அடுத்த காட்சியில் வந்து நிற்பது அழகாக இருக்காது. உடைப்பதானால் வேண்டுமென்றே உடையுங்கள்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே திரையில் அசைக்க வேண்டியிருக்கிறது. எப்படி?

இங்கே வரும் பெரும்பாலான பொதுவேலைகளுக்கு இது தேவைப்படும். வழக்கமாக ஒரு மொழிக்கு அசைவைச் செய்து, மற்ற இரண்டையும் அதே அச்சில் ஊற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் செய்து தமிழுக்கு ஊற்றுவது. சொல் நீளம் கூடி எழுத்து சிறுத்துவிடும்.

நான் செய்வது, மூன்றையும் ஒரே நேரத்தில் முடிய வைப்பது, ஆனால் அவரவர் வழியில் வர வைப்பது. சிங்கள எழுத்து பெரும்பாலும் வளைவு, உருண்டு வரலாம். தமிழில் ட, ப, ம போன்றவற்றின் நேர்கோடும் செங்கோணமும், ஞ, ஜ, ண போன்றவற்றின் சுழியும் கலந்து இருக்கின்றன. ஆகவே மடிந்தும் சுருண்டும் வரலாம். எழுத்துருவுக்கு நோட்டோ குடும்பத்தில் மூன்றுமே இருக்கின்றன. தடிப்பு எண்ணை நம்பாதீர்கள், கண்ணைச் சுருக்கிப் பார்த்து மூன்றும் ஒரே கறுப்பாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வெளியிட வேண்டாம். எங்கள் பெயர்கள் பலகைகளில் பிழையாக வரும்போது எங்களுக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும்தானே.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை வைத்து ஒரு வேலை செய்ய விரும்புகிறேன். எது சரி, எது பிழை?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரமாகத் தொடங்கிய போராட்டத்தில், பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்தபடி அமர்ந்த தாய்மாரை இங்குள்ள எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படங்களின் கீழே உள்ள பெயரும் ஓர் எழுத்து வடிவமைப்புத்தான். ஒரு குடும்பம் தன் கையால் எழுதியது.

முதலில் அனுமதி. பெயர் பொதுவில் எங்கோ வந்திருக்கிறது என்பது அனுமதி ஆகாது. வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று போனில் ஒரு மாதிரியைக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். பெயரை அவர்கள் எழுதும் விதத்திலேயே எழுதுங்கள், முதலெழுத்து உட்பட. "சரியான தமிழ்" என்று மாற்றாதீர்கள். அம்மாவே ஒரு தாளில் எழுதித் தருவதானால் அந்தக் கையெழுத்தைவிட நல்ல எழுத்துரு கிடையாது.

அடுத்தது அசைவு. வெடித்துச் சிதறும் எழுத்து, சிவப்புச் சொட்டு, மின்னி மின்னி உடையும் விளைவு எதுவும் வேண்டாம். இவை திரைப்பட முன்னோட்டங்களின் மொழி. பெயரைச் சிதைக்கும் எந்த அசைவும் பார்க்கும் குடும்பத்துக்கு இன்னொரு தரம் நடப்பதுபோல் இருக்கும். மங்கி மறையவும் வைக்காதீர்கள். மறைந்துவிட்டது என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை, அவர்கள் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் விருப்பம், பெயர் நிற்கட்டும், சுற்றியுள்ள எல்லாம் அசையட்டும். திகதிகள் ஓடட்டும், வீதியில் வாகனங்கள் போகட்டும், வெளிச்சம் மாறட்டும். எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். பின்னணி இசை தேவையில்லை. முடித்ததும் முதல் பார்வை அந்தக் குடும்பத்துக்கு, மற்றவர்களுக்குப் பிறகு.

சுவரில் திரையிட என்ன வேண்டும்?

வெள்ளையடித்த மதில், புரொஜெக்டர், நீளமான வயர், நல்லெண்ணம் உள்ள ஒரு பக்கத்து வீடு. சனசமூக நிலையம், வாசிகசாலை, பாடசாலை மண்டபம் எதுவென்றாலும் பொறுப்பானவர்களிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஏழு மணிக்குப் பிறகு தொடங்கினால் இருட்டு போதும். தெருவிளக்கு நேரே விழாத பக்கமாகப் பாருங்கள்.

கிடுகு வேலியிலும் திரையிடலாம். அது ஒளியைக் குடித்துவிடும், மெல்லிய கோடுகள் தெரியாது, தடித்த எழுத்து மட்டும் நிற்கும். ஆனால் பின்னலின் நிழலோடு எழுத்து சேரும்போது வரும் அழகு வெள்ளைச் சுவரில் வராது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சீலைத் திரை கட்டினால் எழுத்து தானாகவே ஆடும், அதையும் கணக்கில் எடுத்து வடிவமைக்கலாம். ஒக்டோபர் கடைசியிலிருந்து மாரி முடியும்வரை வெளியே வேண்டாம். முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால் முழுக் கூட்டமும் புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

மின்னும் எழுத்து ஆபத்தா?

ஒரு செக்கனுக்கு மூன்று தரத்துக்கு மேல் முழுத்திரையும் மின்னக் கூடாது. வலிப்பு உள்ள சிலருக்கு அது தூண்டுதலாகும். கூட்டத்தில் யாருக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாது.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து மங்குகிறது.

அது காணொளியைச் சுருக்கும். முதலில் பலியாவது புள்ளி. "அவன்" என்பது "அவன" ஆகிவிடும். போனில் பார்க்கும் வேலைகளுக்குப் புள்ளியைச் சற்றுப் பெரிதாக்குங்கள், மெல்லிய தடிப்பைத் தவிருங்கள், பின்னணியில் அசையும் காட்சி இருந்தால் அதை மந்தமாக்குங்கள். முழுத் தரம் வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

படங்களைத் தானாக உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு இதைச் செய்யாதா?

அவை வரையும் தமிழ் எழுத்து பல தடவை தமிழ் போன்ற ஏதோ ஒன்றாக வந்துவிடுகிறது. பின்னணிக்கு வேண்டுமானால் எடுங்கள். எழுத்தை நீங்களே செய்யுங்கள்.

இதில் உழைக்க முடியுமா? எங்கே படிக்கலாம்?

சோதனை வேலைக்கு மட்டும் காசு தரும் ஆட்கள் இங்கே குறைவு. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா எல்ஈடி திரை, நிறுவனங்களின் விழிப்புணர்வுக் காணொளி, வெளிநாட்டில் உள்ள எங்கள் ஆட்களின் யூடியூப் சனல், இவற்றில்தான் வருமானம். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒரு கலியாணக் காணொளியின் தலைப்பில் மணமக்களின் பெயரை மாத்திரைக் கணக்கில் வரவைத்துப் பாருங்கள், ஸ்ரூடியோக்காரர் அடுத்த தரமும் உங்களைத்தான் கூப்பிடுவார்.

படிக்க, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது, அதற்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புல தொழில்நுட்பக் கலைகள் துறை இருக்கிறது. உயர்தரத்தில் சித்திரம் எடுத்த பிள்ளைகள் இதை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

அம்மம்மாவுக்குக் காட்டினால் "எழுத்தை ஏன் ஆட்டுகிறாய்" என்று கேட்கிறா. என்ன சொல்வது?

விளக்கம் சொல்ல வேண்டாம். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவவின் குரலும் எழுத்தும் ஒன்றாக முடிந்தால் உங்கள் நேரக்கணக்கு சரி. எழுத்து முந்தினால் வேகம் கூட. அவ முந்தினால் இழுவை. எந்த எழுத்தில் தடுக்கினா என்று கொப்பியில் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் இரண்டு மூன்று பிரேம் கூட்டி, திரும்பவும் காட்டுங்கள்.